எந்த விமானம் என்று சொல்லுங்கள்!



ஒரு போர் விமானம். அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நடைமுறையில் விமானியால் சுட முடியாது. நான்கும் அவருடைய முதுகுக்குப் பின்னால், சுழலும் கூண்டு ஒன்றுக்குள் இருக்கும். அதில் உட்கார்ந்து சுடுவதற்கு இன்னொருவர் வேண்டும். 1940 மே மாதம் பிரான்சின் டன்கர்க் வானில் ஜெர்மானிய விமானிகள் இதை வேறொரு விமானம் என்று நினைத்து, வழக்கம்போலப் பின்பக்கமாகப் பாய்ந்து வந்தார்கள். அந்த நான்கு துப்பாக்கிகளுக்கும் நேர் எதிரே வந்து மாட்டிக்கொண்டார்கள். எந்த விமானம் இது?

இந்த இதழிலிருந்து தொடங்கும் ‘எந்த விமானம்?’ பகுதிக்கு இது ஒரு மாதிரி. விடை: போல்டன் பால் டிஃபையண்ட். பிரிட்டனில் செய்யப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஹாக்கர் ஹரிக்கேன் போலத் தெரியும். ஹரிக்கேனுக்குத் துப்பாக்கிகள் எல்லாம் முன்பக்கம் என்பதால் அதைப் பின்னாலிருந்து தாக்குவதுதான் எதிரிக்குப் பாதுகாப்பு. அந்தப் பழக்கம்தான் டன்கர்க்கில் அவர்களுக்கு வினையாக முடிந்தது. மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264ஆம் படைப்பிரிவு கணக்குக் கொடுத்தது. விழுந்த ஒன்றையே இரண்டு மூன்று பேர் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வது வான்போரில் சகஜம் என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆள் அடையாளம் தெரிந்த பிறகு எதிரிகள் முன்பக்கமாகவும் அடிப்பக்கமாகவும் வந்தார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் டிஃபையண்டுகள் வரிசையாக விழுந்தன. கடைசியில் அவற்றைப் பகல் சண்டையிலிருந்து எடுத்துவிட்டு இரவுக் காவலுக்கு மாற்றினார்கள்.

அந்த 264ஆம் படைப்பிரிவின் முழுப் பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற சொற்கள் உண்டு. 79, 234 ஆகிய படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர்தான். போர்க் காலத்தில் இங்கிருந்து போன நன்கொடைக்கு அடையாளமாக பிரிட்டிஷ் விமானப் படை சூட்டிய பெயர் அது.

இந்தப் பகுதியைத் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது ஆசிரியர் குழுவில் முதலில் எழுந்த கேள்வி, துப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. நீளம் இத்தனை மீட்டர், வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர், எடை இத்தனை டன் என்று கொடுத்தால் அது நினைவாற்றலுக்கு வைக்கும் பரீட்சை. மனப்பாடம் செய்தவர் ஜெயிப்பார். மற்றவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். விமானத்தில் இருக்கும் ஒரு விசித்திரத்தைச் சொல்லி, அது ஏன் அப்படி இருந்திருக்கும் என்று உங்களை யோசிக்கவைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வானத்தில் பறக்கும் பொருளில் அழகுக்காக மட்டும் ஒரு வளைவை யாரும் வைப்பதில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு தேவையோ தட்டுப்பாடோ பயமோ பின்னால் இருக்கும்.

அமெரிக்காவின் எஸ்.ஆர்.-71 உளவு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஓடுபாதையில் நிற்கும்போது எரிபொருள் சொட்டும், உச்ச வேகத்தில் ஒழுகாது’ என்பது துப்பு. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போகும்போது அதன் மேல்தகடுகள் கடுமையாகச் சூடேறி விரியும். விரிவதற்கு இடம் விட்டுத்தான் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். அதனால் குளிர்ந்து கிடக்கும்போது இடைவெளிகளில் எரிபொருள் கசிந்தது. அந்தத் தகடுகளைச் செய்த டைட்டானியத்தில் ஒரு பகுதி, எந்த நாட்டை உளவு பார்க்க விமானம் கட்டப்பட்டதோ அந்த சோவியத் ஒன்றியத்திலிருந்தே இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வாங்கப்பட்டது. வெப்பத்தில் உலோகம் விரியும் என்று எட்டாம் வகுப்பில் படித்த பிள்ளைக்கு, பெயர் தெரியாவிட்டாலும் இந்தத் துப்பின் பாதி தூரம் போய்விட முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு இன்னொன்று. ‘இதைக் கட்டியவர்களில் நாற்காலி, மேசை செய்கிற தச்சர்களும் பியானோ செய்கிறவர்களும் இருந்தார்கள்.’ டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோதான் விடை. போர் வந்தால் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், உலோக வேலை தெரிந்தவர்களுக்கும் தட்டுப்பாடு வரும், ஆனால் மரவேலை தெரிந்த கைகள் சும்மா இருக்கும் என்று ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் கணக்குப் போட்டார். பால்சா மரப்பலகையை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் மர ஒட்டுப்பலகை ஒட்டி உடலைச் செய்தார்கள். குண்டுவீச்சு வடிவத்தில் தற்காப்புத் துப்பாக்கியே கிடையாது, வேகம்தான் கவசம். அதிகாரிகள் முதலில் நம்பவில்லை. 1940 நவம்பர் 25 அன்று முதல் மாஸ்கிட்டோ பறந்தது. 1943 ஜனவரி 30 அன்று, நாஜி ஆட்சியின் பத்தாம் ஆண்டு விழாவில் ஜெர்மானிய விமானப் படைத் தலைவர் கோரிங் வானொலியில் பேச இருந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில் இவை பெர்லினுக்கு மேல் வந்தன. பேச்சு தள்ளிப்போனது.

அதே ஆண்டு அக்டோபரில் மாஸ்கிட்டோவின் குண்டு வைக்கும் அறையில் ஒரு மனிதர் படுத்தபடி பயணம் செய்தார். நாஜிகள் பிடித்த டென்மார்க்கிலிருந்து தப்பி சுவீடன் வந்திருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர். அவருடைய தலை பெரிது. கொடுத்த தலைக்கவசம் சரியாகப் பொருந்தவில்லை. காதில் கேட்கும் கருவி காதில் உட்காராததால், ஆக்சிஜனைத் திறந்துகொள்ளச் சொல்லி விமானி சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உயரத்தில் மயங்கிவிட்டார். பதில் வராததைக் கண்ட விமானி ஏதோ தவறு என்று புரிந்து கீழே இறங்கிப் பறந்ததால் அணுவின் அமைப்பைச் சொன்ன மூளை உயிரோடு ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தது. நம் பக்கத்திலும் இந்த விமானத்துக்கு ஒரு கதை உண்டு. 1944இல் இந்திய, பர்மா முனையில் மர இணைப்புகள் விட்டுப்போகும் சிக்கல் எழுந்து, சில காலம் இவற்றைத் தரையில் நிறுத்தவேண்டி வந்தது. நம் ஊர் வெயிலையும் மழைக்காலத்து ஈரத்தையும் மரமும் பசையும் எப்படித் தாங்கும் என்பது தச்சரைக் கேட்டால் தெரியும்.

விமானத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது பொழுதுபோக்காக வளர்ந்த கலை அல்ல. உயிர்கள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாள் ஆகியிருந்த 1939 செப்டம்பர் 6 அன்று, எதிரி வருவதாகத் தவறான தகவல் வந்து, ஹரிக்கேன்கள் மேலே போயின. அவற்றை எதிரி என்று நினைத்து அதே நாட்டின் ஸ்பிட்ஃபயர்கள் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. ஒரு விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி, சொந்த நாட்டவரின் குண்டில் இறந்தவர். பார்க்கிங் கிரீக் சம்பவம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது.

அதன் பிறகு அடையாளம் காணும் பயிற்சிக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்தது. கருநிழல் படங்கள் அச்சிட்ட அட்டைகள் வந்தன. சீட்டுக்கட்டிலும் விமான நிழல்கள் ஏறின. 1941இல் ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்று இதற்கென்றே ஒரு பத்திரிகை லண்டனில் தொடங்கியது. அமெரிக்காவில் இறக்கை, இன்ஜின், உடல், வால் என்ற வரிசையில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இறக்கை மேலே பொருந்தியிருக்கிறதா, நடுவிலா, கீழேயா? இன்ஜின் ஒன்றா, இரண்டா, நான்கா? உடல் ஒல்லியா, தடிமனா? வாலில் ஒரு துடுப்பா, இரண்டா? இந்த நான்கு கேள்விகளைச் சில நொடிகளில் கேட்டு முடித்தாக வேண்டும். எங்கள் பகுதியில் படம் வெளியாகும் மாதங்களில் நீங்களும் இதே வரிசையில் பார்த்துப் பழகலாம்.

1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் உதவி கேட்டது. பயிற்சிக்காக ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் வேண்டும், மரத்தில் செதுக்கித் தாருங்கள் என்று. அளவு 72இல் ஒரு பங்கு, நிறம் கறுப்பு. ஏன் 72? ஆறு அடி ஓர் அங்குலமாகச் சுருங்கினால் கணக்கு எளிது என்பதுதான் காரணம். அப்படிச் செய்த மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 720 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் சிப்பாய் வகுப்பறையிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். இன்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளின் மேல் 1:72 என்று பார்க்கும்போது, சாணைக்காகிதம் வைத்து மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் பயம் போகவில்லை. 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்துக்கு முந்தைய சில நாட்களில், ஆயிரக்கணக்கான நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகளை அவசரம் அவசரமாகத் தீட்டினார்கள். கீழே நிற்கும் சொந்தப் படை சுட்டுவிடக் கூடாதே என்றுதான். பழைய புகைப்படங்களில் அந்தப் பட்டைகளைப் பார்த்தால் ஆண்டும் பருவமும் உங்கள் கையில் வந்துவிடும். துப்புகளில் இதைவிட நேர்மையான ஒன்று கிடையாது.

நாடுகளே தவறாக ஊகித்த கதைகளும் உண்டு. ஜப்பானிய இலக்குகள் மீது தாக்குதல் நடத்தித் திரும்பும்போது 1944இல் மூன்று அமெரிக்க பி-29 விமானங்கள் சோவியத் நகரமான விளாடிவோஸ்டாக்கில் இறங்கின. அப்போது சோவியத் ஒன்றியம் ஜப்பானோடு போரில் இல்லை. அதனால் விமானங்களைத் திருப்பித் தரவில்லை. அச்சு அசலாக நகல் எடுக்கும்படி விமான வடிவமைப்பாளர் துப்பலேவுக்கு ஸ்டாலின் உத்தரவிட்டார். ஒரு விமானத்தைத் திருகாணி திருகாணியாகப் பிரித்தார்கள். அமெரிக்கத் தகடுகளின் தடிமன் அங்குலக் கணக்கு. சோவியத் ஆலைகள் மில்லிமீட்டர் கணக்கு. ஒவ்வொரு தகடும் கொஞ்சம் மெல்லியதாகவோ தடிமனாகவோ போய்விடும் என்பதால், எடை கூடாமல் நகல் எடுப்பது பெரும்பாடாக இருந்தது. 1947 ஆகஸ்ட் 3 அன்று மாஸ்கோவின் துஷினோ வான் அணிவகுப்பில் மூன்று பெரிய விமானங்கள் வந்தன. விளாடிவோஸ்டாக்கில் மாட்டிக்கொண்ட அந்த மூன்றும்தான் என்று மேற்கத்தியப் பார்வையாளர்கள் நினைத்திருக்கும்போது, நான்காவது ஒன்று தலைக்கு மேல் வந்தது. அது அந்த நகலான துப்பலேவ்-4ஐ அடிப்படையாகக் கொண்டு செய்த பயணிகள் விமானம். ஒன்று கூடுதலாக வந்ததில் ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. இந்த பி-29க்கு நம் பக்கத்திலும் தடம் உண்டு. 1944 ஆகஸ்ட் 10 இரவு பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் போன பி-29கள் கிளம்பியது திருகோணமலையின் சீனன்குடா ஓடுபாதையிலிருந்துதான்.

சோவியத் போர் விமானமான மிக்-25இன் கதை இதற்கு மறுபக்கம். அதன் பெரிய இறக்கையைப் படங்களில் பார்த்த அமெரிக்கர்கள், நினைத்தபடி வளைந்து சண்டை போடும் அதிசய விமானம் வந்துவிட்டது என்று கவலைப்பட்டார்கள். 1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25ஐ ஜப்பானின் ஹகோடேட்டில் கொண்டுவந்து இறக்கினார். பிரித்துப் பார்த்தால் உடலின் பெரும்பகுதி எஃகு. மின்னணுக் கருவிகளில் வெற்றிடக் குழாய்கள். எடை அதிகம், அதைத் தூக்கத்தான் அவ்வளவு பெரிய இறக்கை! பார்த்தது சரி, காரணத்தை ஊகித்ததுதான் தப்பு. விமானத்தைப் பெட்டிகளில் அடைத்து ஜப்பான் திருப்பி அனுப்பியது. பின்னாளில் இந்திய விமானப் படையிலும் மிக்-25 உளவு வடிவம் 2006 வரை சேவை செய்தது.

கண்ணால் பார்த்து அடையாளம் சொன்ன ஒருவரால் நம் கடலோரத்தில் பல உயிர்கள் பிழைத்தன என்று சொல்வதுண்டு. 1942 ஏப்ரல் 4. இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினா என்ற பறக்கும் படகு, தீவுக்குத் தெற்கே நெடுந்தூரத்தில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் லெனார்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டுக்காரர். அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. அருகில் போய்ப் பார்த்தால், விமானம் தாங்கிக் கப்பல்களோடு வரும் ஜப்பானியப் பெரும் கடற்படை. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. குழுவில் உயிர் தப்பியவர்களோடு பர்ச்சால் சிறைப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை குண்டுகள் விழுந்தபோது துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது; அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட ‘எவாக்குவேஷன்’ கதை இதுதான்.

அந்தக் கேட்டலினாவுக்கு ஓர் அருமையான துப்பும் உண்டு: ‘இதில் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிக்கும்.’ 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே சுமார் 5,600 கிலோமீட்டரை இடையில் எங்கும் இறங்காமல் இது கடந்தது. 27 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதால் ரேடியோவில் பேச்சு கிடையாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி.

விமானவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்கெ-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பிறகு இந்தியா வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் அவர் வடிவமைத்த எச்.எஃப்.-24 மாருத், நம் நாட்டில் உருவான முதல் ஜெட் போர் விமானம். 1961 ஜூன் 17 அன்று பறந்தது. ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கில் போகத் திட்டமிட்ட உடல் அது; கிடைத்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களோ அதற்குப் போதவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் உழைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் டாங்க் பாடம் நடத்தியதை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். அந்த வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்ததையும் சொல்கிறார். விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இது ஏன் இப்படி என்று கேட்ட ஒரு மாணவர் எவ்வளவு தூரம் போனார் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் ஆசிரியர் குழு உறுதியாக இருக்கிறது. ‘விமானியின் தாயின் பெயரைத் தாங்கியது’ என்று உலகெங்கும் வினாடி வினாக்களில் ஒரு கேள்வி வரும். எனோலா கே. 1945 ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானம். அந்த விமானத்தைப் பற்றி நாம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் பரிசுப் போட்டியில் ஒரு புதிராக இந்தப் பக்கத்தில் அது வராது. போர் விமானம் என்றால் மேலே ஒருவரும் கீழே பலரும் உண்டு. கீழே இருந்தவர்களை மறந்துவிட்டு இறக்கையின் அழகை மட்டும் பேசும் பக்கமாக இது ஆகிவிடக் கூடாது. எங்காவது அப்படி ஆகிறது என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்.

சரி, உங்களுக்கான முதல் புதிர். இதை வடிவமைத்தவர், போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவதைக் கண்டு பொறுக்காமல், சிறியதாக ஒன்று செய்துகாட்டினார். நிலவொளியில் பிரான்சு நாட்டு வயல்களில் ரகசிய உளவாளிகளை இறக்கிய லைசாண்டரும், கேன்பெரா குண்டுவீச்சு விமானமும் இதற்கு முன் அவர் கையில் உருவானவை. இதன் சக்கரங்கள் ஓடுபாதைக்கு மட்டும் அல்ல. வானத்தில் பாதி இறக்கிவிட்டால் வேகத்தைக் குறைக்கும் தடையாகவும் பயன்பட்டன. பிறந்த நாட்டின் விமானப் படை இதைப் பயிற்சிக்கும், சிவப்புச் சாயம் பூசி வான் சாகசத்துக்கும் வைத்துக்கொண்டது. சண்டை விமானமாகப் பெருமளவில் பயன்படுத்தியது நாம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் இதில் தனியாகப் போரிட்டு உயிர் நீத்த இளைஞருக்குக் கிடைத்த விருது, இந்திய விமானப் படையில் வேறு எவருக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

விமானத்தின் பெயரையும், அந்த வீரரின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். எந்தத் துப்பைப் படித்தபோது உங்களுக்குப் பிடிபட்டது, ஏன் பிடிபட்டது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நல்ல காரணம் எழுதியவர்களின் கடிதங்களை அடுத்த இதழில் விடையோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்